ஒரு நிமிடச் சோதனையும் ஊர் மண்டபமும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. இடம், ஊர்த்தெருவில் இருக்கும் கோயில் மண்டபம். காலனியிலிருந்து ஒரு பெண்கூடப் போகவில்லை. அவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று முகாம் நடத்தியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். காலனிப் பெண்கள் அந்த மண்டபத்துப் படியேறியதே இல்லை என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “உள்ளயே விடாத எடத்துல எப்படிடி போய் துணிய தூக்கிட்டுப் படுக்கறது?” என்றார்.

அங்கே செய்யவிருந்த சோதனை எளிமையானது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை, பஞ்சில் தோய்த்து கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தால், புற்றுநோயாக மாறக்கூடிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆய்வகம் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம். முடிவுக்காக இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

இது பயன்படும் என்று உலகுக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம்தான். அங்கு 2000இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களுக்குச் செவிலியர்கள் ஒரே ஒரு முறை இச்சோதனையைச் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைநிலைச் சிகிச்சையும் அவர்களே கொடுத்தார்கள். பரிசோதனைக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எண்ணைப் பெற இன்னொரு பெண்கள் கூட்டம் தேவைப்பட்டது. திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பைக் குடிசைப் பகுதிகள் ஆகிய மூன்று இடங்களின் ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக்காக ஏறத்தாழ 1,38,000 பெண்கள் பரிசோதிக்கப்படாமலே விடப்பட்டார்கள். அவர்களில் 254 பேர் இந்த நோயால் இறந்ததை அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா சுட்டிக்காட்டி, இது அறமா என்று கேட்டார். இந்தியாவில் வழக்கமான சிகிச்சை என்பதே ‘பரிசோதனை இல்லை’ என்பதுதானே என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். அதே மும்பையில் வசதியான பெண்கள் பாப் ஸ்மியர் செய்துகொண்டிருந்த காலம் அது. அப்படியானால் அந்த ‘வழக்கம்’ யாருடையது?

சரி, அந்த அறிவு கிடைத்த பிறகாவது என்ன நடந்தது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் பத்தில் ஒன்பது பேர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

இப்போது எச்பிவி சோதனை பற்றிப் பேசுகிறார்கள். அது வினிகரைவிட நம்பகமானது. உஸ்மானாபாத் ஆய்விலேயே இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது எச்பிவி சோதனை மட்டும்தான். வினிகரும் பாப் ஸ்மியரும் அங்கு அப்படிக் குறைக்கவில்லை. ஒரு குச்சியைக் கொடுத்தால் பெண்களே மாதிரியை எடுத்துத் தரலாம் என்பது இதில் கூடுதல் வசதி. பெண்களின் கூச்சத்துக்கு இது தீர்வு என்கிறார்கள். இருக்கலாம், நானும் வரவேற்கிறேன். ஆனால் காலனிப் பெண்ணின் தயக்கம் முழுவதையும் கூச்சம் என்ற சொல்லில் அடைத்துவிட முடியாது. தொட வேண்டியவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் அதில் பாதி. அந்தக் குச்சி பெண்களுக்கு வசதியாக இருக்கட்டும், தொடாமல் தப்பிக்க நினைப்பவர்களுக்கு வசதியாகிவிடக் கூடாது. சோதனையில் நோய் தெரிந்தால் அடுத்த கட்டத்தில் யாராவது தொட்டுத்தானே ஆக வேண்டும்?

முகாமைக் காலனி அங்கன்வாடியில், வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் நடத்தினால் என்ன? யாருக்குப் பரிசோதனை போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்ற கணக்கை சாதிவாரியாக வெளியிட்டால் என்ன? இரண்டுக்கும் பெரிய செலவு ஆகாது.

அம்மாவுக்கு இப்போது 56 வயது. மாதவிடாய் நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் வினிகர் சோதனை சரிவர உதவாது. எச்பிவி சோதனைதான் வேண்டும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இன்னும் வரவில்லை.