ஏறுவது கட்டணம், இறங்குவது பயணிகள்

ஊரில் சாவு, மருத்துவமனையில் திடீர் அனுமதி, மறுநாள் காலையில் நேர்முகத் தேர்வு. பிரீமியம் தட்கலில் டிக்கெட் எடுப்பவர்களில் பலர் இப்படி அவசரமாகக் கிளம்புகிறவர்கள்தான். அதே வண்டி, அதே பெட்டி, அதே படுக்கை. ஆனால் டிக்கெட் விற்க விற்கக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது. இந்த வண்டி வேண்டாம் என்று போக இன்னொரு ரயில்வே இல்லை. பண்டிகை நாட்களில் ஆம்னி பேருந்துக் கட்டணமும் சேர்ந்தே ஏறிவிடுகிறது.

ஒரே விற்பனையாளர் ஆளுக்கொரு விலை வைப்பது எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. காலியாகப் போகவிருந்த இருக்கையை, முழுக் கட்டணம் கொடுக்க முடியாதவருக்குக் குறைத்துக் கொடுத்தால் அவரும் ஊர் போய்ச் சேருகிறார், ரயில்வேக்கும் வருமானம். அந்த விலையால் பயணிகள் கூடினார்களா, குறைந்தார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பயணிகளும் குறைந்து, இருக்கையும் காலியாக ஓடினால் அது மக்களுக்கும் நாட்டுக்கும் இழப்பு.

ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களில் 2016 செப்டம்பர் 9 முதல், இதேபோல் விற்க விற்க ஏறும் நெகிழ்வுக் கட்டணம் வந்தது. ஒவ்வொரு 10 சதவீத இருக்கை விற்றதும் கட்டணம் 10 சதவீதம் கூடும். தொடக்கத்தில் அதிகபட்சம் ஒன்றரை மடங்கு வரை போனது. 2017 ஜூலை வரையிலான கணக்கை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ரயில்வேக்கு ரூ.552 கோடி கூடுதலாகக் கிடைத்ததையும், பயணிகள் ஆறரை லட்சத்துக்கும் மேல் குறைந்ததையும் சுட்டிக்காட்டினார். ஏசி மூன்றடுக்கில் காலிப் படுக்கைகள் 1 சதவீதத்துக்கும் கீழிருந்து 4 சதவீதத்தைத் தாண்டின. 2018-ல் 15 ரயில்களில் இந்த முறை கைவிடப்பட்டது; உச்சவரம்பு 1.4 மடங்காகக் குறைந்தது. மற்ற ரயில்களில் முறை நீடித்தது.

விலையைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதும் ரயில்வேக்குத் தெரியும். சென்னை - மைசூரு சதாப்தியில் பெங்களூரு - மைசூரு பகுதிக்கு 2017-ல் கட்டணம் குறைக்கப்பட்டது. பயணிகளும் கூடினார்கள், வருவாயும் கூடியது.

இருந்தும் மக்களுக்கு உதவிய சலுகைதான் முதலில் பறிபோனது. 60 வயதைக் கடந்த ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதைக் கடந்த பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் சலுகை, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. தொற்று போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. படுக்கை வகுப்பிலும் ஏசி மூன்றடுக்கிலுமாவது அதைத் திரும்பத் தரலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்த பிறகும் அசைவில்லை.

பயணிகள் கட்டணம் செலவை ஈடுகட்டவில்லை என்கிறது ரயில்வே. அது உண்மைதான். ஆனால் அந்தப் பற்றாக்குறையை, மாற்று வழியே இல்லாதவரின் அவசரத்தில் வசூலிப்பது நியாயமல்ல. வண்டி நிரம்பி வழியும் நாளில் எத்தனை மடங்கு ஏற்றினாலும் ஒரு படுக்கைகூடக் கூடுதலாக முளைக்காது. தேவை, கூடுதல் பெட்டிகளும் வண்டிகளும்தான்.

ரயில்வே அமைச்சகம் செய்ய வேண்டியவை தெளிவானவை. பிரீமியம் தட்கல் கட்டணத்துக்குச் சாதாரண தட்கலை ஒட்டிய உச்சவரம்பு வேண்டும். கூட்டம் குறைந்த ரயில்களில் இருக்கை வசதி கொண்ட ஏசி வகுப்புகளுக்கு 25 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்று 2023-ல் மண்டலங்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. அதைப் படுக்கை வகுப்புக்கும் விரிவாக்கி, தெற்கு ரயில்வே தயங்காமல் பயன்படுத்த வேண்டும். மூத்த குடிமக்கள் சலுகை உடனே திரும்ப வேண்டும். விற்பவரே விலையையும் தீர்மானிக்கும் நிலை மாற, 2017-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, கட்டணம் குறித்துப் பரிந்துரைக்கும் ரயில் மேம்பாட்டு ஆணையத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பாராமல் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுப்பி, பதில் பெற்றுத் தர வேண்டும்.