உடும்புக்கு எத்தனை வாட் பல்பு?

போன சாரல் சீசன்ல நடந்த கதை. ஐந்தருவியில குளிச்சிட்டு, தலை காயறதுக்குள்ள தென்காசியில அண்ணன் வீட்டுக்குப் போனேன். காலேஜ் படிக்கிற அவர் பையன், "சித்தப்பா, ஒண்ணு காட்டுறேன், யார்ட்டயும் சொல்லிராதீங்க"ன்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போனான். அங்கே ஒரு பழைய மீன் தொட்டி. உள்ளே முழ நீளத்துல ஒரு குட்டி உடும்பு. மேலே 60 வாட் குண்டு பல்பு.

"தோப்புல கெடந்துச்சு. மழையும் காத்துமா இருக்கா, குளிர்ல செத்துரும்லா? எத்தனை வாட் போட்டா சரியா இருக்கும்?"

எத்தனை வாட் போட்டாலும் சரியா இருக்காதுல மக்கா! அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கேயும் சொல்றேன். ஏன்னா இதே ஆசையோட இன்னும் நாலு பேர் இருப்பீங்க.

முதல்ல சட்டம். 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல நம்மூர் உடும்பு முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிச்சாலும் குத்தம், வச்சிருந்தாலும் குத்தம். குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். அபராதம் 25 ஆயிரத்துக்குக் குறையாது. "நான் என்ன கறிக்கும் எண்ணெய்க்குமா பிடிச்சேன், பாசமாத்தானே வளர்க்கேன்"னு கேட்டா சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உடும்புக்கும் தெரியாது.

சரி, சட்டத்தை விடுங்க. சூட்டுக்கு வருவோம்.

உடும்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்காது. வெயில் காஞ்சு 35 டிகிரி பக்கம் ஏத்திக்கிட்டாத்தான் ஓடும், இரை பிடிக்கும், தின்னது செரிக்கும். சூடு போதும்னா நிழலுக்கோ வளைக்கோ போயிரும். ஆக, அதுக்கு வேண்டியது ஒரே சூடு இல்லை. ஒரு பக்கம் சுடுற பாறை, இன்னொரு பக்கம் குளிர்ச்சி, நடுவுல நடக்க இடம். ரெண்டடி தொட்டியில பல்பைப் போட்டா எல்லா மூலையும் ஒரே சூடாத்தான் ஆகும். தப்பிச்சுப் போக வழியே கிடையாது. சூடாகுற கல்லை உள்ளே வச்சா, வயிறு வெந்தாலும் அது மேலேயே படுத்துக் கிடக்கும். ஜன்னலோரம் வச்சா, எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துரும், வெக்கையை மட்டும் உள்ளே விடும். இதுக்குத் தனி விளக்கு, தெர்மோஸ்டாட் எல்லாம் வேணும். சாரக் காத்துல கரண்ட் போனா அதுவும் அம்பேல். இந்தக் குட்டி வளர்ந்தா வாலோட சேர்த்து அஞ்சடியைத் தாண்டும். அப்போ தொட்டி பத்தாது, ஒரு ரூமையே காலி பண்ணிக் கொடுக்கணும்.

"வெளிநாட்டு உடும்பு வாங்கிக்கிறேன்"னு சில புத்திசாலிகள் கிளம்புவாங்க. உடும்பு இனம் மொத்தமும் சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு. 2022-ல திருத்தின சட்டப்படியும், 2024-ல வந்த விதிப்படியும் அதுங்களைப் பதிவு பண்ணியாகணும். பதிவு பண்ணிட்டாலும் மேலே சொன்ன சூட்டுக் கணக்கு மாறாது.

நிற்க. பையன் கடைசியா ஒண்ணு சொன்னான் பாருங்க. "சித்தப்பா, இது என்கிட்ட நல்லாப் பழகிட்டு. கையில எடுத்தாக்கூட ஓடவே மாட்டேங்கு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏலே, அது பாசம் இல்லை, குளிரு! ஓடுறதுக்கு உடம்புல சூடு இல்லாமக் கெடக்குது. நீ சூட்டைச் சரியா வச்சா அன்னைக்கே கண்ணாடியைப் பிறாண்டும், வாலைச் சொடுக்கும், கடிக்க வரும். அது உன் கையில சும்மா கிடக்கிறதே நீ அதுக்கு ஒண்ணும் சரியா செய்யலைங்கிறதுக்கு அத்தாட்சி.

குற்றாலத்துல சாரல் இன்னைக்கு நேத்தா விழுது? எந்த உடும்பும் நம்ம பல்பை நம்பி இருந்ததில்லை. மழைன்னா மரப்பொந்துலயோ வளையிலயோ முடங்கும், வெயில் அடிச்சா வெளியே வரும். முட்டையைக்கூட பல நேரம் கரையான் புத்துக்குள்ள விட்டுட்டுப் போயிரும். புத்தோட கதகதப்பே அடைகாக்கும். தெர்மோஸ்டாட் கிடையாது, கரண்ட் பில்லும் கிடையாது :-)

மறுநாள் காலையில அப்பாவும் மகனுமாப் போய் வனத்துறைகிட்ட ஒப்படைச்சுட்டாங்க. பையன் ரெண்டு நாள் என்கிட்டப் பேசலை. பரவாயில்லை.

"உடும்பு வேண்டாம், கையை விட்டாப் போதும்"னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. இந்தக் கதையில கையை விடச் சொல்லிக் கெஞ்சினது உடும்பு.

டிஸ்கி: வீட்டுக்குள்ள உடும்பு வந்துட்டா அடிக்காதீங்க, பிடிச்சும் வைக்காதீங்க. கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்க. போகலைன்னா வனத்துறைக்குச் சொல்லுங்க.