'ஹேங் அப்' என்றால் தொங்கவிடுவதா?

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது நம் வழக்கம். வேலைக்கான நேர்காணல்கள் இன்று கைபேசியிலேயே நடப்பதால், 'ஹேங் அப்', 'புட் த்ரூ' போன்ற தொலைபேசித் தொடர்களும் அப்பட்டியலில் ஏறியுள்ளன. பொருள் கேட்டால் ஒப்பிப்போம். அப்பொருள் எப்படி வந்தது என்றால் விழிப்போம்!

வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத நமக்கு, காரணம் தெரியாத தொடர் நினைவில் நிற்பதில்லை. "பேசிப் பழகினால் போதும், வரலாறு எதற்கு?" என்பார் சிலர். பழகுவதற்கு நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கூடலூர்க் கடைவீதியில் மலையாளத்தையும் கன்னடத்தையும் பட்டியல் போட்டா கற்றோம்? பொருளைக் கண்ணால் கண்டோம், சொல்லைப் பிடித்துக்கொண்டோம்.

தொலைபேசித் தொடர்களுக்கும் அப்படிக் காணத்தக்க பொருள் உண்டு. கிரகாம் பெல் 1876-இல் காப்புரிமை பெற்ற கருவி, பின்னர் சுவரில் மாட்டும் பெட்டியாயிற்று. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி. பேசி முடித்ததும் காதுக்குழலை அதில் தொங்கவிட வேண்டும். குழலின் எடை கொக்கியைக் கீழே இழுக்க, மின்சுற்று துண்டிக்கப்படும். பேச்சை முடிப்பது 'தொங்கவிடுவது' ஆனது இவ்வாறுதான். இணைப்பகத்தில் அமர்ந்தவர் கம்பியைத் துளையில் செருகி இருவரை இணைத்தார். அது 'புட் த்ரூ'. சென்னைக்கு 1882-லேயே இணைப்பகம் வந்துவிட்டது.

தமிழ் மட்டும் சளைத்ததா? 'போனை வை' என்கிறோம். எங்கே வைப்பது? மேசைத் தொலைபேசியின் தாங்கியில் வைத்த காலத்துச் சொல் அது. கடிதம் போட்டவர்கள் போனும் 'போட்டார்கள்' போலும்!

'மிஸ்டு கால்' கதை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் அது தவறிப்போன அழைப்பு. நம்மிடமோ வேண்டுமென்றே 'கொடுப்பது'. 2003-இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கிய பிறகும் கூப்பிடுபவருக்குக் காசு செலவாயிற்று. ஒரு மணி அடித்து நிறுத்தினால் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று பொருள்! தோட்டத்து லயன் வீடுகளுக்கு இதை விளக்க எந்த அகராதி வேண்டும்? மரபுத்தொடர் ஆங்கிலேயரின் தனிச்சொத்து என்று அஞ்சுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆங்கில ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு மாலை, பழைய தொலைபேசி ஒன்றைத் திறந்து காட்டினால் என்ன? திருப்புளி நான் கொண்டுவருகிறேன்.