வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒரு கோடை

இளங்கலை வேதியியல் படிக்கும்போதே கோடையில் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய் வேலை செய்யலாம் என்ற செய்தி சிற்றூர்க் கல்லூரிகள் வரை எட்டிவிட்டது. யாருக்கு எந்தத் திட்டம் என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யு. திட்டத்தில் உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து மாணவர்களுக்கானது. பெயரை மட்டும் கேட்டுவிட்டு நம் பிள்ளைகள் இவற்றுக்காக அலைவது வீண். இந்தியாவில் படிப்பவர்களும் விண்ணப்பிக்கக்கூடிய திட்டங்களில் ஒன்று கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க். 12 வாரப் பயிற்சி. விண்ணப்பமோ முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே முடிந்துவிடும். மார்ச்சில் விழித்துக்கொண்டு பயனில்லை.

அங்கே என்ன வேலை? நம் செய்முறை வகுப்பில் உப்பைக் கையில் கொடுக்கும் ஆசிரியருக்கு அது என்ன உப்பு என்று முன்பே தெரியும். ஆய்வகத்தில் விடை யாருக்கும் தெரியாது. முதலில் பாதுகாப்புப் பயிற்சி. பிறகு, கை பழகுவதற்காக, பெரும்பாலும் ஏற்கெனவே வெளியான ஒரு வினையைத் திரும்பச் செய்து பார்க்கச் சொல்வார்கள். வினை எவ்வளவு நடந்தது என்று அறிய, அவ்வப்போது டி.எல்.சி. தட்டில் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். கலவையைப் பிரிக்கும் 'காலம்' (column) குரோமட்டோகிராபியில் ஒரு பிற்பகல் போகும். கரைப்பானை ஆவியாக்கி என்.எம்.ஆர். நிறமாலை எடுத்தால், காலையில் போட்ட மூலப்பொருளே அப்படியே நிற்கும். மறுநாள் வெப்பநிலையை மாற்றி மறுபடி தொடங்க வேண்டும். 12 வாரத்தில் ஓரிரண்டு சேர்மங்களைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தாலே நல்ல வேலைதான்.

"ஆய்வுக்கட்டுரையில் பெயர் வருமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு: பெரும்பாலும் வராது. வேறொருவர் படித்து அப்படியே திரும்பச் செய்யும்படி குறிப்பேடு எழுதும் பழக்கம் வரும். கூடவே, மாணவரின் வேலையை நேரில் பார்த்தவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கையில் சான்றிதழைவிட அதற்கே மதிப்பு.

பெரிய தடை நாட்காட்டி. மேற்கத்திய நாடுகளின் கோடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் கல்லூரிகள் ஜூனிலேயே திறந்துவிடும். 75 சதவீத வருகைப்பதிவை என்ன செய்வது? துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் எழுத்துப்பூர்வ அனுமதிக்கு முன்கூட்டியே பேசிவிட வேண்டும். விசா வந்தபின் கல்லூரியோடு மல்லுக்கு நிற்பது கொடுமை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வுப் பயிற்சித் திட்டம் என்றால் பெரும்பாலும் மாணவருக்கு உதவித்தொகை தரும். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் அது பெரும்பாலும் கோடை வகுப்பாகவோ ஏஜென்சி வியாபாரமாகவோ இருக்கும். கடன் வாங்கி அனுப்பும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

உள்நாட்டிலேயே பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. பாஸ்போர்ட் வேண்டாம். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அந்த அனுபவம் கனடா விண்ணப்பத்துக்கும் வலு சேர்க்கும்.