நெல்லிக்குத் தமிழில் பெயரில்லையா?

காட்டுமன்னார்கோயில் கடைத்தெருவில் ஒரு நாட்டுமருந்துக் கடையும் ஓர் ஒப்பனைப்பொருட் கடையும் அடுத்தடுத்து உள்ளன. சென்ற திங்கள் ஒரு மாலை மூதாட்டி ஒருவர் முதற்கடையில் நெல்லிமுள்ளி வாங்கிக்கொண்டு நின்றார். அவர்தம் பெயர்த்தி அடுத்த கடையில் தான் வாங்கிய முகப்பூச்சை என்னிடம் நீட்டி, "ஐயா, இதில் என்ன கலந்திருக்கிறதென்று படித்துச் சொல்லுங்கள்" என்றாள். தமிழ்வழியிற் பயிலும் பெண். கண்ணாடி அணிந்தும் எனக்கு எழுத்துப் புலப்படவில்லை. விளக்கடியிற் பிடித்துத்தான் படித்தேன். 'பில்லாந்தசு எம்ப்ளிகா' என்னும் பழத்தின் பிழிவு என ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தனர்.

"அது நெல்லிக்காய், அம்மா" என்றேன். மூதாட்டி தம் கைப்பொட்டலத்தையும் பெயர்த்தியின் குப்பியையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுவா அது?" என்றார்.

இதுவேதான் அது. 1753இல் இலின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் நெல்லிக்கு இட்ட பெயர் அது. வடமொழி ஆமலகம் பாரசீகத்திலும் அரபியிலும் உருத்திரிந்து இலத்தீனம் புகுந்து 'எம்ப்ளிகா' ஆயிற்று. அச்சொல்லே இந்தியில் 'ஆம்லா'. இன்று நம் பிள்ளைகள் கடையில் 'ஆம்லா எண்ணெய்' என்றே கேட்கின்றனர். அதியமான் ஔவைக்கு ஈந்த கனி எது என்று வினவினால் நெல்லி என்பர். குப்பியிலுள்ளது எது என்றால் விழிப்பர். கன்னடரும் மலையாளியரும்கூட நெல்லி என்றே வழங்குகின்றனர். நம் மாவட்டத்திலேயே நெல்லிக்குப்பம் இருக்கிறது!

நிலைத்திணை நூலார்க்கு உலகப் பொதுப்பெயர் வேண்டும். அதனை யாம் மறுக்கவில்லை. இலத்தீனம் இருக்கட்டும், அதன் பக்கத்தில் நெல்லி என்று ஏன் இல்லை என்பதே நம் வினா.

இது வெறும் மொழிப்பற்று என்று ஒதுக்குவார்க்கு ஒன்று சொல்வோம். பப்பாளிக்காயின் பால் பட்டால் சிலர்க்குத் தோல் அரித்துத் தடிக்கும். கொல்லையில் காய் பறிக்கும் பெண்டிர் இதனை அறிவர். அப்பாலிலுள்ள 'பப்பாயின்' கலந்த, ஒப்புதல் பெறாத மேற்பூச்சு மருந்துகளைக் கடும் ஒவ்வாமை கருதி அமெரிக்க அரசு 2008இல் நிறுத்தச் சொல்லிற்று. அவை புண்ணுக்கிடும் மருந்துகள், முகப்பூச்சுகள் அல்ல. ஆயினும் பப்பாளி ஒவ்வாத பெண்ணொருத்தி 'காரிக்கா பப்பாயா' என அயலெழுத்தில் அச்சிட்ட வழலைக்கட்டியை எங்ஙனம் விலக்குவாள்?

இன்னுமொன்று. 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப்பொருள் விதிகளின்படி, நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்பட்ட பொருள்களை அளவு மிகுந்தது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசையிட வேண்டும். அதற்குக் குறைந்தவை அவற்றின் பின் வரும். எனவே வரிசையைப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஏமாற்றும் தெரியும். அப்பெண்ணின் குப்பியில் நெல்லிக்கனி படம் முன்பக்கத்தைப் பாதி அடைத்திருந்தது. பெயரோ வரிசையின் வாலில். (கருநிறத்தைக் குறையென்று கருநிற மக்களுக்கே விற்கும் கொடுமை தனிக்கட்டுரைக்கு உரியது.)

சட்டம் என்ன சொல்கிறது? பொதியுறைமேல் எழுத வேண்டியவற்றை இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் எழுதுக என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின் ஒன்பதாம் விதி. இந்தி தேவநாகரியில் இருத்தல் வேண்டுமாம். தமிழ் கட்டாயமன்று. ஆனால் அவ்விதியின் அடியிலேயே, இவற்றோடு பிறமொழியையும் சேர்த்து எழுதத் தடையில்லை என்ற வரியும் உண்டு. நடுவணரசின் ஓரவஞ்சனையை எதிர்த்து விதியை மாற்றச் செய்தல் நம் கடமை. அதற்கு ஆண்டுகள் பலவாகலாம். தமிழில் எழுதுதற்கோ இன்றே எத்தடையுமில்லை. தமிழ்நாட்டில் தமிழர் நடத்தும் நிறுவனங்கள் ஏன் எழுதவில்லை?

இடமில்லை என்பர். திரைப்பட நடிகையின் முகத்திற்கு இடமிருக்கிறது. வேதிப்பொருள்கட்குத் தமிழ்ப்பெயர் இல்லை என்பர். சரி, அவற்றை ஒலிபெயர்த்தாவது எழுதுக. நெல்லி, மாதுளை, எலுமிச்சை, சீயக்காய், பூந்திக்கொட்டை இவற்றுக்குமா இல்லை? சப்பானியர் 2001 முதல் ஒப்பனைப் பொருளின் உட்பொருள் அனைத்தையும் தம் எழுத்திலேயே அச்சிடுகின்றனர். அவர்தம் வணிகம் குன்றவில்லை.

அக்குப்பியை உருவாக்கிய நிறுவனம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. அதற்குத் தமிழில் மடல் எழுதினேன். மூன்று கிழமை கழித்து விடை வந்தது, ஆங்கிலத்தில். இதுவரை நுகர்வோர் எவரும் இவ்வாறு கேட்டதில்லை என்று எழுதியிருந்தனர். அன்பர்களே, உங்கள் வீட்டுக் குளியலறையிலுள்ள குப்பிகளைத் திருப்பிப் பாருங்கள். தமிழில்லாதவற்றின் முகவரி அவற்றின் மேலேயே இருக்கும். சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் இத்திங்களே மடல்கள் செல்லட்டும்; கேட்டவர் இல்லை என்று அடுத்தமுறை அவர்கள் எழுத முடியாது.