கௌதாரியின் அலகு ஏன் நீள்கிறது?

கோச்சடையைச் சூழ்ந்த மதுரைச் சமவெளியின் முட்புதர்களிலும் தரிசு நிலங்களிலும் கௌதாரியின் உரத்த கூவலைக் கேட்கலாம். அதைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்போரும் உண்டு. அவ்வாறு அடைபட்ட பறவையின் மேலலகு சில வேளைகளில் நீண்டு, கொக்கிபோல் வளைந்துவிடுகிறது. தானியம் நிறைந்த கிண்ணத்தின் முன்னே அது பட்டினி கிடக்கிறது. இது ஏன்?

அலகின் உள்ளே எலும்பு இருக்கிறது. அதன்மேல், நம் நகத்தில் உள்ளதைப் போன்ற கெரட்டின் உறை மூடியிருக்கிறது. இவ்வுறை வாழ்நாள் முழுதும் வளரும். காட்டில் வாழும் கௌதாரி கறையானுக்கும் விதைக்குமாக நாள்தோறும் மண்ணைக் கொத்துகிறது; வளர்ச்சிக்கு ஈடாக அலகும் தேய்கிறது. கிண்ணத்துத் தீனிக்கு அந்த உழைப்புத் தேவையில்லை. ஈரல் நோய், சத்துக்குறைவு, காயம் ஆகியவையும் அலகை நீளச் செய்யலாம்.

வெட்டிவிட்டால் போயிற்று என்பர் சிலர். அலகினுள் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ளன. தவறி வெட்டினால் இரத்தம் கொட்டும். பறவை வலியால் துடிக்கும். கால்நடை மருத்துவர் அளவறிந்து அராவிச் சீர்செய்யலாம். ஆயினும் காரணம் நீங்காதவரை அலகு மறுபடியும் நீளும்.

ஆகவே, திருத்த வேண்டியது கூண்டு வாழ்க்கையைத்தான் என்பது என் கருத்து. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் கௌதாரியைப் பிடிப்பதைத் தடை செய்கிறது. மாணவர்களே, அலகு நீண்ட பறவையைக் கண்டால் இரக்கப்பட்டுக் கூண்டைத் திறந்துவிடாதீர்கள்; வெளியிலும் அதனால் இரை பொறுக்க முடியாது. பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். விலைக்கு வரும் கௌதாரியை வாங்காதிருங்கள். வாங்குவோர் இல்லையேல் கண்ணி வைப்போர் ஏது?