வெட்கமுள்ளவர்களிடம்தான் கவர் வரும்

ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் என் வாட்ஸப் குழுவில் அதே வசனம் வரும்: "காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுற ஜனங்க இருக்கிறவரை நாடு உருப்படாது." எழுதுகிறவர் பெரும்பாலும் ஓட்டுப் போட ஊருக்கே போகாதவர். அதை விடுங்கள். எனக்குக் கோபம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கும் தப்புக் கணக்கின் மேல்.

ஓட்டு ரகசியம். பொத்தானை அழுத்தும்போது எந்த ஏஜென்ட்டும் எட்டிப் பார்க்க முடியாது. ஏமாந்தவன் கோர்ட்டுக்கும் போக முடியாது, கொடுப்பது வாங்குவது இரண்டுமே குற்றம். மனசாட்சி இல்லாதவர் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு இஷ்டத்துக்குப் போடுவார். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களை நம்பியா கோடிகளை இறக்குகிறார்கள்? "வாங்கிட்டோமே, மாத்திப் போட்டா நல்லாவா இருக்கும்?" என்று தயங்கும் பாட்டியை நம்பித்தான் இந்த முதலீடு. லஞ்சம் ஓடுவதே வாங்குபவரின் நேர்மையில்.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் ஒரு பரிணாம விளக்கம் கொடுத்தார். உறவில்லாதவர்கள் மாறி மாறி உதவிக்கொண்டால் இருவருக்கும் லாபம். நன்றியும் குற்ற உணர்ச்சியும் ஏமாற்றுக்காரன் மேல் வரும் ஆத்திரமும் அந்தக் கொடுக்கல் வாங்கலைக் காக்க வந்தவை என்றார். முகம் தெரிந்த சின்னக் கூட்டத்துக்குப் பொருந்துகிற ஏற்பாடு இது. கட்சிக்கு முகம் ஏது? அதனால்தான் கவரோடு தெருப் பையனை அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டு மொய் நோட்டில் அவன் அப்பா பேர் இருக்கும். "அத்தை, பாத்துக்கோங்க" என்பான். பணம் எங்கிருந்தோ வந்தது, கடன் அவனிடம் பட்டதாகிவிடுகிறது.

2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு இதற்கு 'ஃபார்முலா' என்று பேரே வந்துவிட்டது. பணப் புழக்கத்தால் 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் தேர்தலையும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் ரத்து செய்தார்கள். ஆர்.கே.நகரில் டிசம்பரில் மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டே டோக்கனாகப் போனது என்று புகார். அது உண்மையென்றால், வாக்காளர்கள் கடனுக்குக்கூட நாணயமாக நடப்பார்கள் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்!

முடிச்சைச் சரியாகப் பிடித்தவர் கெஜ்ரிவால். 2017 கோவா பிரச்சாரத்தில், மற்றவர்களிடம் காசு வாங்கிக்கோங்க, ஓட்டை எங்களுக்குப் போடுங்க என்றார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. கண்டித்தது சரிதான், அவருக்கும் அதில் லாபம் இருந்தது. ஆனால் கடன்பட்ட உணர்வைத்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் அருவருப்பு மட்டும் என்ன, அறிவிலிருந்தா வந்தது? 'விலைபோனவங்க' என்று சொல்லும்போது சுளிக்கிற முகம், ஊசிப்போன சோற்றுக்குச் சுளிக்கிற அதே முகம். தூய்மை, தீட்டு என்பதும் மனிதனின் பழைய ஒழுக்க உணர்வுகளில் ஒன்று என்கிறார் ஜோனதன் ஹைட். 'கறைபடியாத கை' என்று யாராவது மேடையேறினால் நாம் கவர்கூடக் கேட்காமல் ஓட்டைக் கொடுத்துவிடுகிறோம்.

இதைக் குழுவில் எழுதினேன். "அப்போ வாங்குறது சரிங்கிறியா?" என்றார் ஒருத்தர். இல்லை. ஆனால் அந்தப் பாட்டியிடம் போய் வெட்கமில்லையா என்று கேட்காதீர்கள். வேறொன்று சொல்லிப் பாருங்கள்: இது அந்தப் பையன் வீட்டுக் காசு இல்லை பாட்டி, அவனுக்கு நீங்க எதுவும் கடன்படலை.